பிள்ளைகளைச் சோம்பேறி என்று ஏசுவதை முதலில் நிறுத்துங்கள்

ஏ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு நடந்த அந்த வழிகாட்டல் கூட்டத்தின் வீடியோவைத் திருகோணமலையில் பார்க்காத ஆள் இருக்காது. படிக்காமல் போனைப் பார்க்கிற பிள்ளைகளை "மனவுறுதி இல்லாத சோம்பேறிகள்" என்று பேச்சாளர் மைக்கில் சொன்னதும் முன்வரிசைப் பெரியவர்கள் கைதட்டினார்கள். பின் வாங்கில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

இது மனவுறுதிப் பிரச்சினை இல்லை. போன் எங்கே கிடக்கிறது என்கிற பிரச்சினை.

எத்தனையாவது கொத்தலுக்கு இரை விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் 1950களிலேயே காட்டிவிட்டார். ரீல்ஸும் அப்படித்தான், அடுத்தது நல்லதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முடிவில்லாமல் உருளும் திரையை 2006இல் வடிவமைத்த ஏசா ரஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்திப் பேசினார். அந்தத் திரையோடு மனவுறுதியால் மல்லுக்கட்டு என்று 18 வயதுப் பிள்ளையிடம் சொல்வது அநியாயம்.

"நாங்கள் சண்டைக்குள்ளேயும் குப்பி விளக்கில் படித்தோம்" என்று எழுத வருவீர்கள். உண்மை, அந்தக் கஷ்டத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் குப்பி விளக்குக்குப் பக்கத்தில் இந்தத் திரை இருக்கவில்லை.

"போனைப் பறித்தால் சரி" என்பவர்களுக்கு: டியூசன் நோட்ஸ் வட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதைக் கொமியூனிகேசன் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், பிறகு போனை அடுத்த அறையில் சார்ஜில் போடச் சொல்லுங்கள். கவிழ்த்து மேசையில் வைப்பது போதாது, கை தானாகப் போகும். நேரம் பார்க்க ஒரு மேசை மணிக்கூடு வேண்டும். அது இல்லாவிட்டால் "அலாரத்துக்கு" என்று போன் திரும்பி வந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங்குக்குள் போய் ஆப் ஒவ்வொன்றுக்கும் நேர எல்லை போடலாம். பெரும்பாலும் மூன்றாம் நாளே அது தோற்றுவிடும், பூட்டும் திறப்பும் ஒரே கையில் இருப்பதால்தான். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குக் கடவுச்சொல் உண்டு, அதை அக்காவோ அம்மாவோ போடட்டும். யூடியூப்பில் பாடம் பார்க்கிற பிள்ளை, பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிட்டு நிறுத்தி வைத்தால் முகப்புப் பக்கம் வெறுமையாகிவிடும். அங்கே வீடியோ தானாக வராது, வேண்டியதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டுமாவது இன்றைக்கே செய்யுங்கள்.

நைட் டேட்டா பக்கேஜும் வேண்டாம். மலிவு என்று எடுப்பது, 12 மணிக்குப் பிறகு அதை முடிக்கிறதுக்காகவே முழித்திருக்க வைக்கும்.

பிள்ளை ஏன் போனுக்கு ஓடுகிறது என்றும் பாருங்கள். வேலையைத் தள்ளிப்போடுவது அந்த வேலை தரும் மனக்கஷ்டத்திலிருந்து தப்புவதற்குத்தான் என்று உளவியல் ஆய்வாளர்கள் சிரோயும் பிச்சிலும் 2013இல் எழுதினார்கள். "நாளைக்குக் கணக்குப் படிப்பேன்" என்றால் பயம்தான் வரும். "இணைந்த கணிதம், பகுதி ஆ, 14ஆம் கேள்வி" என்று கடதாசித் துண்டில் எழுதி, அந்தப் பக்கத்தை விரித்து வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் கை பேனாவுக்குப் போகும். 25 நிமிடம் செய், 5 நிமிடம் ஓய்வு. அந்த ஐந்தில் போனைத் தொட்டால் அது ஐந்தோடு நிற்காது. எழும்பித் தண்ணி குடி, முற்றத்தில் நட.

திரும்பவும் சொல்கிறேன், மனவுறுதி இல்லை, போன் கிடக்கிற இடம்.

பொழுதுபோக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. களைத்த மனதுக்கு ஏதோ ஒன்று வேண்டும். பெடியங்களுக்குப் பின்னேரம் டச்சுபே கடற்கரை இருக்கிறது, பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்பிள்ளை போனால் "யாரோட நின்றாள்" என்று வீட்டுக்கு முன்னமே கதை போய்ச் சேரும். உப்புவெளிப் பக்கம் தனியே சைக்கிளில் போக எத்தனை வீட்டில் விடுவீர்கள்? நாலு சுவருக்குள் அடைத்து, கையில் ஒரு திரையையும் கொடுத்துவிட்டு, பிறகு மேடை போட்டு ஏசுகிறீர்கள். எனக்கு ஆத்திரமே அதுதான்.

அன்று கைதட்டியவர்கள், பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை இந்த ஊரில் ஒரு மணித்தியாலம் நிம்மதியாக இருந்துவிட்டு வரக்கூடிய ஓர் இடத்தின் பெயரைக் கீழே எழுதுங்கள்.