அம்மாவின் முட்டியும் மூன்று ஸ்டிக்கர்களும்

போன வருடம் ஒருநாள் சாயங்காலம் அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. புதுச்சேரியில் அவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியிலிருந்து. "ஆராய்ச்சிக்காகக் கேக்கறோம்மா, ஒரு வருஷம் ஆயிடுச்சி, எப்படி இருக்கீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். "ரொம்ப நல்லா இருக்கேன் தம்பி. டாக்டர் கைராசிக்காரரு. அவரு நூறு வயசு இருக்கணும்" என்றார் அம்மா. ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. போனை வைத்தவர் கட்டில் காலைப் பிடித்து எழுந்து, "யம்மாடி" என்று முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

"வலிக்குதுன்னு சொல்றதுக்கென்னம்மா?" என்று கேட்டேன். "அவ்ளோ பாடுபட்டு செஞ்சிருக்காங்க. கொறை சொன்னா அவங்க மனசு என்னாத்துக்கு ஆவும்?" என்றார்.

ஆக, அந்த ஆராய்ச்சியில் அம்மா ஒரு வெற்றி. வலி இல்லை என்ற கட்டத்தில் ஒரு டிக்.

ஆபரேஷன் வேண்டாம் என்று பயமுறுத்த வந்த பதிவு இல்லை இது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குப் போவதற்குள் இரண்டு திண்ணையில் உட்கார்ந்து எழுந்தவர், இப்போது பாடலீஸ்வரர் கோயிலுக்குத் தனியாகப் போய் வருகிறார். அது கண்கூடு. டென்மார்க்கில் 100 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு ஆபரேஷன், அதோடு பயிற்சியும் மற்ற சிகிச்சைகளும். மறுபாதிக்கு ஆபரேஷன் தவிர மற்றதெல்லாம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஆபரேஷன் ஆனவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. பெரிய சிக்கல்கள் அதிகம் வந்ததும் அவர்களுக்குத்தான். அதே சமயம் மறுபாதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அந்த ஒரு வருடத்தில் ஆபரேஷன் பக்கமே போகவில்லை. ஒரே ஆய்வில் இந்த மூன்று உண்மையும் இருக்கிறது. விளம்பரப் பலகையில் முதலாவது மட்டும்தான் ஏறும்.

என் வருத்தம் வேறு. ஆபரேஷனுக்கு அப்புறம் நம்மை யார் எண்ணுகிறார்கள், எதைக் கேட்டு எண்ணுகிறார்கள் என்பதுதான்.

உலகம் முழுக்க முட்டி ஆபரேஷன் பலனை அளக்கப் பயன்படும் ஒரு கேள்வித்தாள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் என்று பெயர். 1998இல் வந்தது. 12 கேள்வி, முழு மதிப்பெண் 48. நல்ல கேள்விகள்தான்: ராத்திரி வலி எழுப்புகிறதா, படி இறங்க முடிகிறதா, முட்டி சட்டென்று மடங்கிவிடுகிறதா. அதில் ஒன்று, மேசையில் சாப்பிட்டு முடித்து நாற்காலியிலிருந்து எழும்போது எவ்வளவு வலிக்கிறது என்பது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையே கிடையாது. அம்மா பிறந்தது பண்ருட்டிப் பக்கம். சின்ன வயதிலிருந்து தரையில் குந்தி முந்திரிக்கொட்டை உடைத்தவர். சாப்பிடுவது தரையில், அரிவாள்மணை தரையில், பூக்கட்டுவது தரையில், கக்கூஸும் குந்தி உட்காரும் வகை. (ஆபரேஷனுக்கு முன்னால் வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கக் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் அலைந்தது தனிப் பதிவு போடும் அளவுக்குக் கதை.) மண்டியிட்டு எழ முடிகிறதா என்று அந்தத் தாளில் ஒரு கேள்வி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. சம்மணம் போட முடிகிறதா, குந்த முடிகிறதா என்பது இல்லை. நாற்காலியில் வாழ்கிற ஊருக்குச் செய்த அளவுகோலால் தரையில் வாழ்கிற ஊரை அளந்தால் அம்மாவுக்கு நல்ல மதிப்பெண் வரும், அம்மாவின் பாதி வாழ்க்கை மட்டும் அதற்குள் வராது.

நன்றாக மடங்கும் என்று சொல்லி விற்கிற ஹை-ஃப்ளெக்ஸ் மூட்டுகளும் இருக்கின்றன. எங்களிடமும் ஒருவர் சொன்னார். சாதாரண மூட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, நோயாளி உணரும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சாதாரணமானதே போதும் என்று வந்துவிட்டோம்.

முட்டி மாற்றிக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இல்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் பல வருடமாகச் சொல்கின்றன. அங்கே நோயாளி தானே தாளை நிரப்பி, மனதில் பட்டதை எழுதிவிடுகிறார். இங்கே டாக்டரே எதிரில் நின்று "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், கும்பிட்ட கையோடு "நல்லா இருக்குங்க" என்பதைத் தவிர வேறு என்ன வரும்?

சரி, ஸ்டிக்கருக்கு வருகிறேன். மாற்று மூட்டு ஒரே துண்டு இல்லை. தொடை எலும்பின் முனையில் உலோகத் தொப்பி, கீழ் எலும்பில் ஒரு தட்டு, நடுவில் பிளாஸ்டிக். ஒவ்வொன்றின் டப்பாவிலும் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று எங்கள் கையில் கொடுத்த காகிதத்தில் அது இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு?" என்றார்கள். கன்னியாகோயில் வரை வந்த காரைத் திருப்பிக்கொண்டு போய் ஜெராக்ஸ் வாங்கி வந்தேன். டிரைவர் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. ஏஎஸ்ஆர் என்று ஒரு இடுப்பு மூட்டு, உலோகத்தோடு உலோகம் உரசும் வகை. உரசி உரசி உலோகத்துகள் உதிர்ந்து சுற்றியுள்ள சதையைக் கெடுத்தது. ஆஸ்திரேலியாவில் பொருத்தும் மூட்டுகளை 1999இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். இந்த மூட்டு மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மறு ஆபரேஷனுக்கு வருகிறது என்பது 2007இலேயே அந்தப் பதிவேட்டில் தெரிந்துவிட்டது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு அது தோற்றிருந்தது என்பது இங்கிலாந்துப் பதிவேட்டின் கணக்கு. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அந்த மூட்டைப் பொருத்தியிருந்தார்கள். 2018இல் மத்திய அரசு 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை இழப்பீடு என்று கணக்குப் போட்டது. கொடுக்கப் போனால், பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. கெட்டுப்போன உலோகம் உடம்புக்குள், உடம்பு எந்த ஊரில் என்று யாருக்கும் தெரியாது!

சுவீடன் 1975லேயே முழங்கால் பதிவேடு தொடங்கிவிட்டது. நம் நாட்டிலும் மூட்டு அறுவை மருத்துவர்கள் சங்கம் ஒன்று பதிவேடு நடத்துகிறது. ஆனால் விருப்பமிருந்தால் எழுதலாம் என்கிற ஏற்பாடு. எழுதுகிறவர்களைப் பாராட்ட வேண்டும். எழுதாதவர்களிடம் இருக்கும் மூட்டுகளைப் பற்றித்தானே எனக்குக் கவலை? 2017 ஆகஸ்டில் அரசு முழங்கால் மூட்டுக்கு விலை வரம்பு வைத்தது. பெரும்பாலோருக்கு வைக்கிற கோபால்ட் குரோமியம் உலோக வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. பெரிய உதவி அது, எங்களுக்கும் பயன்பட்டது. அந்த விலைக்கு விற்கும் ஒவ்வொரு மூட்டையும் பதிந்தே ஆகவேண்டும் என்று அதே உத்தரவோடு ஒரு வரி சேர்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முட்டி எத்தனை வருடம் தாங்கும் என்று நான் கேட்டபோது, "25 வருஷம், 82 சதவீதம்" என்று சட்டென்று பதில் வந்தது. அதாவது நூறில் 82 மூட்டு 25 வருடம் தாங்கும். 2019இல் வந்த ஆய்வின் எண் அது, சரியான எண்தான். ஆனால் அது ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து பதிவேடுகளிலிருந்து எடுத்த கணக்கு. கடலூரில் ஒரு முட்டிகூட அதற்குள் இல்லை. இன்னொன்று, மறு ஆபரேஷன் ஆகாத எல்லா மூட்டும் அந்தக் கணக்கில் தாங்கிய மூட்டுதான். "இன்னொரு தரம் கத்தி வேணாம்டி" என்று வலியோடு படுத்திருக்கும் பாட்டியும் 82க்குள்தான் வருவார்.

மூன்று ஸ்டிக்கரின் ஜெராக்ஸையும் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். என் தம்பியிடமும் போட்டோ இருக்கிறது.

போன வாரம் இரண்டாம் வருட போன் வந்தது. அதே பையன். இந்த முறை ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "ரொம்ப நல்லா..." என்று அம்மா ஆரம்பிக்க, நான் முறைத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தம்பி, நடக்கறேன், அது நெசம். தரையில ஒக்காந்து பூக்கட்ட முடியலப்பா. ஒக்காந்தா எழுந்துக்க ஆள் வேணும். அத எழுதிக்க."

"அந்தக் கேள்வி இதுல இல்லீங்களேம்மா."

"ஓரத்துல எடமிருக்கும் பாரு, அதுல எழுதிக்க."

பேனா உரசும் சத்தம் கேட்டது. "எழுதிட்டேம்மா. அடுத்த கேள்வி, சாப்ட்டு நாற்காலியில இருந்து எழும்போது..."