குவாலிஃபையருக்குப் படித்த மாதிரி கேண்டிடசிக்குப் போகாதீர்கள்

கெமிக்கல் இன்ஜினியரிங்கில் பிஎச்டி சேர்ந்தவர்கள் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் குவாலிஃபையர், கேண்டிடசி என்ற இரண்டு தேர்வுக் கண்டங்களைத் தாண்ட வேண்டும். பெயர் இடத்துக்கு இடம் மாறும். சில துறைகளில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துவிடுவார்கள். ஆனால் கேட்கப்படுவது வேறு வேறு. குவாலிஃபையரில் அடிப்படை பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கேண்டிடசியில், நீங்கள் எழுதிக் கொண்டுவந்த ஆராய்ச்சித் திட்டம் நடக்கிற காரியமா, அதை உங்களால் தனியாக நடத்த முடியுமா என்று பார்க்கிறார்கள். முதலாவதற்குப் புத்தகத்தை உருப்போடுவதும் இரண்டாவதற்கு ஸ்லைடை அழகுபடுத்துவதும்தான் வழக்கமாக நடக்கிறது. இரண்டுமே வீண் உழைப்பு என்பது என் கட்சி.

குவாலிஃபையரின் எழுத்துத் தேர்வில் தெர்மோ (வெப்ப இயக்கவியல்), டிரான்ஸ்போர்ட் (வெப்பமும் பொருளும் கடத்தப்படும் விதம்), ரியாக்‌ஷன் இன்ஜினியரிங், கணிதம் இருக்கும். எல்லோரும் கணிதத்துக்குப் பயப்படுகிறார்கள். மதிப்பெண் போவதென்னவோ அதற்கு முன்னால், முதல் ஐந்து வரியில். கோளத்துக்குள் டிஃப்யூஷன் (மூலக்கூறுகள் தானாகப் பரவுவது) என்று கேள்வி வந்ததும் முழுச் சமன்பாட்டையும் எழுதிவிட்டு, எந்த உறுப்பை ஏன் அடிக்கிறோம் என்று சொல்லாமலே அடித்துக்கொண்டு போவது ஒரு தப்பு. 'பெக்லே எண் சிறியது, அதனால் ஓட்டத்தால் கடத்தப்படுவதை விட்டுவிடுகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் (ஓட்டத்தால் கடத்தப்படுவதை டிஃப்யூஷனோடு ஒப்பிடும் எண் அது), பின்னால் தொகையீட்டில் சறுக்கினாலும் திருத்துபவருக்கு உங்கள் யோசனை தெரியும். இன்னொன்று, கோளத்தின் மையத்தில் செறிவு பூஜ்யம் என்று எழுதுவது. அங்கே பூஜ்யமாவது செறிவின் சரிவு. இந்த ஒரு எல்லை நிபந்தனையால் மொத்த விடையும் கவிழ்கிறது.

தெர்மோவில் ஒரு சின்னப் பொறி உண்டு. இரண்டு பொருள் கலந்த கரைசலின் ஆக்டிவிட்டி கோஎஃபிஷியண்ட் (இலட்சியக் கரைசலிலிருந்து ஒவ்வொரு பொருளும் எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) இரண்டையும் இயைபுக்கு எதிராக வரையச் சொல்வார்கள். இரண்டு கோட்டையும் ஒரே பக்கமாக ஏறவிட்டால் முடிந்தது கதை. கிப்ஸ்-டூஹெம் சமன்பாட்டின்படி ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும். சரிபாதிக் கலவையில், மடக்கை மதிப்பை வரைந்திருந்தால், இரண்டின் சாய்வும் சம அளவில் எதிரெதிராக இருக்கும். சமன்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள்கூடப் படத்தில் மாட்டுவது இங்கேதான்.

வாய்மொழித் தேர்வு எப்படி நகரும் என்பதற்கு ஒரே ஒரு கேள்வியைப் பார்ப்போம். நுண்துளை கொண்ட வினையூக்கிக் குருணைகளை வைத்து வினைவேகம் அளக்கிறோம். குறைந்த வெப்பநிலையில் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 80 கிலோஜூல் வருகிறது. வெப்பநிலையை ஏற்றினால் 40 ஆகிவிடுகிறது. ஏன்? 'வினையூக்கி செத்துவிட்டது' என்பது அவசர பதில். சரியாகப் பாதி என்ற எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்ட வேண்டும். வெப்பநிலை ஏற ஏற வினை வேகமாகிறது, துளைக்குள் டிஃப்யூஷன் அந்த அளவுக்கு வேகமாவதில்லை, இந்த இரண்டு வேகங்களையும் ஒப்பிடும் தீலே மாடுலஸ் பெரிதாகிறது. அப்போது நாம் அளக்கும் வேகம், வினைவேக மாறிலியையும் டிஃப்யூஷன் குணகத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த அளவில் போகிறது. வர்க்கமூலம் எடுத்தால் அடுக்கில் உள்ள ஆற்றல் பாதியாகும்.

அதோடு விடமாட்டார்கள். எப்படி நிரூபிப்பாய் என்பார்கள். குருணையைப் பாதி அளவுக்கு உடைத்தால் கிராமுக்கு வினைவேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வேண்டும். 'வெளிப்படலத் தடை (குருணையைச் சுற்றியுள்ள மெல்லிய படலம் பொருள் உள்ளே வருவதைத் தடுப்பது) இல்லை என்று எப்படித் தெரியும்?' ஓட்டத்தையும் வினையூக்கியின் எடையையும் ஒரே விகிதத்தில் கூட்டிப் பார்க்க வேண்டும். மாற்றம் தெரியாவிட்டால் படலம் பிரச்சினை இல்லை. ஓட்டத்தை மட்டும் கூட்டினால் தொடர்பு நேரமும் மாறிவிடும், எதனால் மாறியது என்று சொல்ல முடியாது. 'சரி, வினை முதல்படி இல்லை, இரண்டாம்படி என்றால்?' ஒன்றரைப்படியாக, அதாவது வேகம் செறிவின் 1.5 அடுக்கில் போவதாகத் தெரியும். ஒரே சங்கிலியில் நாலு கேள்வி. இது உருப்போட்டு வருவதில்லை. பலகை முன்னால் நின்று, கையில் குறிப்பில்லாமல், இன்னொருவர் குறுக்கே கேட்கக் கேட்க இருபது நிமிஷம் பேசிப் பழகினால்தான் வரும். பழைய கேள்வித்தாளைத் தனியாக உட்கார்ந்து போடுவதில் இதில் பாதிப் பலன்கூடக் கிடையாது.

சில எண்கள் கையில் இருக்கட்டும். நீரில் சின்ன மூலக்கூறின் டிஃப்யூஷன் குணகம் நொடிக்குச் சுமார் 10⁻⁹ சதுர மீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் தாண்டச் சுமார் 1000 நொடி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நாளுக்கு மேல். முதல்படி வினையில் 90 சதவீத மாற்றத்துக்கு, கலக்குத்தொட்டி ரியாக்டர் குழாய் ரியாக்டரைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் (9-க்கு 2.3). உடனே 'தொட்டி சின்னதாகப் போதும் என்ற நிலை எப்போது வரும்?' என்பார்கள். விளைபொருளே வினையை முடுக்கும்போது.

இனி கேண்டிடசி. இங்கே திட்டம் விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மூன்று நோக்கங்கள் எழுதியிருப்பார்கள், முதலாவது பலிக்காவிட்டால் மற்ற இரண்டுக்கும் வேலையே இருக்காது. புது வினையூக்கி செய்வது முதல் நோக்கம், அதை ஆராய்வது இரண்டாவது, அதை வைத்து ரியாக்டர் கட்டுவது மூன்றாவது. தேர்வு நடத்தும் பேராசிரியர் கமிட்டியில் யாராவது ஒருவர் 'முதலாவது வரவில்லை என்றால்?' என்று கேட்டே தீருவார். ஏற்கனவே தெரிந்த ஒரு வினையூக்கியை வைத்து ரியாக்டர் வேலையைத் தனியாகத் தொடங்கலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தால் அந்தக் கேள்வி ஒரு நிமிஷத்தில் முடியும்.

அடுத்தது, அளந்தது உண்மைதானா என்ற சந்தேகம். நைட்ரஜனை மின்வேதி முறையில் அம்மோனியாவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் அம்மோனியா மிகச் சொற்பம். காற்றிலும் கையுறையிலும் மூச்சிலும்கூட அம்மோனியா உண்டு. வேதிப்பொருளில் ஒட்டியிருக்கும் நைட்ரேட்டே அம்மோனியாவாக மாறலாம். ஆர்கான் வாயுவில் வெற்றுச் சோதனை, நைட்ரஜன்-15 (எடை கூடிய நைட்ரஜன் ஐசோடோப்) கொண்டு சரிபார்ப்பு, அந்த நைட்ரஜன்-15 வாயுவையே முதலில் சுத்திகரிப்பது, இது மூன்றும் திட்டத்தில் இல்லையென்றால் முதல் பத்து நிமிஷத்திலேயே கிழித்துவிடுவார்கள், கிழிக்கவும் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு மின்வேதியில் இதே கேள்வி வேறு வேஷத்தில் வரும். விளைபொருள்களின் ஃபாரடே திறனை (செலுத்திய மின்னோட்டத்தில் அந்தந்தப் பொருளை உண்டாக்கப் போன பங்கு) கூட்டினால் 80 சதவீதம்தான் என்றால், மிச்ச மின்னோட்டம் எங்கே போனது? 'தெரியவில்லை, திரவத்தில் கரைந்ததை அளக்கத் திட்டமிட்டிருக்கிறேன்' என்பது ஏற்கத்தக்க பதில். கூட்டுத்தொகையைக் காட்டும் படத்தையே ஸ்லைடிலிருந்து தூக்கிவிடுவது ஏற்கத்தக்கதல்ல.

கால அட்டவணையில் எல்லோரும் ஏமாற்றிக்கொள்வார்கள், அது கமிட்டிக்கும் தெரியும். ஆனாலும் ரியாக்டர் கட்டிக் கசிவு பார்த்து, கேஸ் குரோமட்டோகிராஃபை (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) அளவீடு செய்வதற்கு இரண்டே வாரம் போட்டிருந்தால் சிரிப்பார்கள்.

தேர்ச்சி, தோல்வி இரண்டுக்கும் நடுவில் 'நிபந்தனையோடு தேர்ச்சி' என்று ஒன்று உண்டு. அது கிடைத்தால் என்ன நிபந்தனை, யாரிடம் காட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிக் கமிட்டி முழுவதுக்கும் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னதை ஆறு மாதம் கழித்து ஆளுக்கொரு விதமாக ஞாபகம் வைத்திருப்பார்கள்.