பழ மாட்சாவில் பொடியை விடுங்கள், பழத்தைப் பாருங்கள்

ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியான மாட்சாவை ஐஸோடு கலக்கி, பழம் சேர்த்து வீட்டிலேயே செய்யப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போதும், எல்லோரும் பொடியைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எந்த பிராண்ட், முதல் அறுவடையா, தேநீர்ச் சடங்குக்கு உரிய உயர்தரம் என்று விற்கிற செரிமோனியல் கிரேடா, அடித்துக் கலக்க மூங்கில் விஸ்க் வைத்திருக்கிறீர்களா... பழம் மட்டும் ஏதோ ஒன்று, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரி. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இந்தப் பானம் நன்றாக வருவதும் பாழாவதும் பழத்தின் புளிப்பில்தான் இருக்கிறது. புளிப்பைப் பார்த்துவிட்டுப் பாலா தண்ணீரா என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அந்த செரிமோனியல் கிரேடு பேச்சை முடித்துவிடுகிறேன். ஜப்பானில் அப்படி ஒரு அரசு தர நிர்ணயமே கிடையாது, வெளிநாட்டுச் சந்தைக்காகப் புழக்கத்தில் வந்த விற்பனைப் பெயர் அது. அதற்காக உயர்ந்த மாட்சா என்று ஒன்று இல்லை என்று சொல்லவில்லை, நிச்சயமாக இருக்கிறது. பறிப்பதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். வெயில் பட்டால் இலைக்கு மென்சுவை தரும் தியானின் என்ற பொருள் கேட்டசின் என்ற துவர்ப்புப் பொருள்களாக மாறும், துவர்ப்பு ஏறும். நிழலிலேயே வளர்ந்தால் தியானின் மிச்சமிருக்கும், பச்சையமும் கூடும். அந்த இலையை ஆவியில் வாட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் மெதுவாக அரைக்கிறார்கள், ஒரு கல்லில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் சுமார் 40 கிராம்தான் விழும். இவ்வளவு பாடுபட்டு வந்த மெல்லிய சுவையை ஸ்ட்ராபெர்ரிக்கும் சர்க்கரைக்கும் அடியில் புதைப்பானேன்? 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழம்பெரும் தேயிலைக் கடைகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்படிப்பட்ட பொடி கிடைத்தால் வெறும் வெந்நீரில் கலக்கிக் குடியுங்கள். பழத்துக்குக் கொஞ்சம் துவர்ப்பான நடுத்தரப் பொடியே சரி, ஏனென்றால் அந்தத் துவர்ப்பு இருந்தால்தான் இனிப்புக்கு நடுவே டீ ஒன்று இருப்பது நாக்குக்குத் தெரியும். மஞ்சளும் பழுப்புமாக நிறம் மங்கிப்போனதை மட்டும் வாங்காதீர்கள், அது பழசு.

சரி, பழத்துக்கு வருவோம்.

பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம், பி.ஹெச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 வாக்கில் வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். எலுமிச்சை 2-ஐ ஒட்டி இருக்கிறது, ஸ்ட்ராபெர்ரி 3-க்கும் 3.5-க்கும் நடுவில். ஆக, பாலும் புளிப்புப் பழமும் ஒரே டம்ளரில் இருப்பதே ஒரு தற்காலிக சமாதானம்தான். பால் நிறைய, பழம் கொஞ்சம், எல்லாமே ஜில்லென்று, கலந்ததும் குடித்துவிடுவது என்றால் ஸ்ட்ராபெர்ரியோடு ஒப்பேற்றிவிடலாம். எலுமிச்சை, பேஷன் ஃப்ரூட், ஆரஞ்சு இதெல்லாம் பாலோடு வேண்டவே வேண்டாம். நாலு மடக்குக்குள் ஸ்ட்ராவில் சின்னச் சின்ன வெள்ளைத் திப்பிகள் ஏற ஆரம்பிக்கும், அப்புறம் எவ்வளவு அழகான டம்ளராக இருந்தாலும் குடிக்க மனசு வராது. ஓட்ஸ் பாலில் கேசீன் இல்லை, தொல்லை குறைவு. சோயா பால் புளிப்பு பட்டால் திரியும், அதை நம்ப வேண்டாம்.

அன்னாசியும் கிவியும் தனி ரகம். புளிப்பு போதாதென்று இவற்றில் புரதத்தை உடைக்கிற நொதிகளும் இருக்கின்றன, அன்னாசியில் புரோமெலைன், கிவியில் ஆக்டினிடின். பச்சையாகப் பாலில் போட்டு வைத்தால் பால் கசந்துபோகும். குடிப்பவர்கள் உடனே மாட்சாவைத்தான் குறை சொல்வார்கள், பொடி கசக்கிறது, மட்டமான பொடி என்று. பாவம் அது! அன்னாசியைச் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும், ஆனால் புளிப்பு அப்படியே இருக்கும். அதனால் நான் அன்னாசிக்குப் பால் பக்கமே போவதில்லை, தண்ணீரும் நிறைய ஐஸும்தான்.

பாலுக்கு ஏற்ற பழம் என்றால் நன்றாகக் கனிந்த மாம்பழம். புளிப்பு குறைவு, சதை கெட்டி, டம்ளரின் அடியில் அசையாமல் உட்காரும். நார் இருந்தால் வடிகட்டிவிடுங்கள், கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தாவிட்டால் மேலே இருக்கும் பாலோடு சேரவே சேராது. ப்ளூபெர்ரியை அடுப்பில் சிறு தீயில் வைத்துத் தோல் வெடிக்கும் வரை விடவேண்டும், பச்சையாக நசுக்கினால் நிறமும் வராது, சாறும் வராது. வாழைப்பழ மாட்சா என்று ஒன்று சுற்றுகிறது, அதைப் பற்றி எனக்கு நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை.

ஸ்ட்ராபெர்ரியை மிக்ஸியில் அடிக்காதீர்கள். அடித்தால் காற்று புகுந்து நுரைத்து, சிவப்பு போய் வெளிறிய ரோஸ் நிறமாகிவிடும். பொடியாக நறுக்கி, சர்க்கரை தூவி, ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, ஒரு கிண்ணத்தில் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். முதலில் துண்டுகளின் மேல் சர்க்கரை ஈரமாகிப் பளபளக்கும், அப்புறம் கிண்ணத்தின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு சாறு சேரும், அரை மணியில் துண்டுகள் துவண்டு தங்கள் சாற்றிலேயே மிதக்கும். சர்க்கரை பழத்துக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்ததுதான் விஷயம், நாம் எதுவும் செய்யவில்லை. இப்போது முள்கரண்டியால் பாதி மசித்தால் போதும். தனியாகச் சுவைத்தால் கொஞ்சம் திகட்டவேண்டும், ஏனென்றால் குளிர்ந்த பிறகு நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். இனிப்பு போதவில்லை என்று கடைசியில் ஐஸ் டம்ளரில் சர்க்கரையைக் கொட்டினால் அது கரையாமல் அடியில் மணல் மாதிரி கிடக்கும். பாட்டிலில் வரும் பழ சிரப்பை நான் சேர்ப்பதே இல்லை, அதில் பெரும்பாலும் வாசனையும் சர்க்கரையும்தான். மாட்சாவின் அந்தப் பச்சைப் புல் வாசனையை வெட்டுவதே பழத்தின் புளிப்புதான், அது இல்லாவிட்டால் பழம் எதற்கு?

மாட்சா கலக்குவது நிஜமாகவே சின்ன வேலை. 2 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் பொடியை டீ வடிகட்டியில் சலியுங்கள். இதை மட்டும் தவிர்க்க முடியாது, ஏனென்றால் பொடி அவ்வளவு நைஸ், ஒட்டிக்கொண்டு உருண்டை பிடித்துவிடும், தண்ணீருக்குள் போன பிறகு உடைப்பது கஷ்டம். 70 முதல் 80 டிகிரி சூட்டில் 50 மில்லி தண்ணீர் விட்டு, வட்டமாகச் சுற்றாமல் முன்னும் பின்னுமாக வேகமாக அடித்தால் நுரை வரும். கொதிக்கிற தண்ணீர் விட்டால் கசப்பு தூக்கும். சாசென் என்கிற அந்த மூங்கில் விஸ்க் அழகான பொருள், இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் பால் நுரைப்பான் போதும், அதுவும் இல்லாவிட்டால் மூடி போட்ட பாட்டிலில் குளிர்ந்த தண்ணீரோடு போட்டுக் குலுக்குங்கள். மாட்சா தண்ணீரில் கரைகிற பொருளே இல்லை, மிதந்துகொண்டுதான் இருக்கிறது, விட்டால் அடியில் படிந்துவிடும். அதனால் காலையிலேயே கலக்கி வைத்துவிட்டு மாலையில் ஊற்றும் யோசனையெல்லாம் வேலைக்கு ஆகாது.

அடியில் பழம், அது மறையும் அளவுக்கு ஐஸ், பால் அல்லது தண்ணீர், கடைசியில் மாட்சாவை ஐஸ்கட்டியின் தலையில் மெதுவாக ஊற்றவேண்டும். சர்க்கரை சேர்ந்த பழம் கனம் என்பதால் கீழே நிற்கும், அடுக்குகள் தானாக அமையும், திறமை எதுவும் தேவையில்லை. சோடா ஊற்றிச் செய்தால் டம்ளரில் இரண்டு விரல் இடம் விடுங்கள், மாட்சா விழுந்ததும் பொங்கும். அடுக்கோடு படம் எடுத்துவிட்டு நன்றாகக் கலக்கித்தான் குடிக்கவேண்டும். ரீல்ஸில் யாரும் கலக்கிய பிறகு காட்டமாட்டார்கள், ஏனென்றால் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் சேற்று நிறம்! போதாக்குறைக்கு, புளிப்பு பட்டால் பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியம் வெளியேறி நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். சுவைக்கு ஒன்றும் ஆகாது, குடியுங்கள்.

இதை ஆரோக்கிய பானம் என்று சொல்வதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சர்க்கரை போட்ட பிறகு இது ஒரு இனிப்பு வகை, அவ்வளவுதான். இலையை முழுசாகக் குடிக்கிறோம், கஃபீனும் கூடவே வரும், தூக்கம் வராதவர்கள் மாலையில் தொடவேண்டாம். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவானவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் இருப்பது நல்லது, டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் உணவிலிருந்து இரும்பு சேர்வதைக் குறைக்கும்.

மிச்சமான பழ மசியலை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். அடுத்த முறை வெறும் குளிர்ந்த தண்ணீரில் குலுக்கிய மாட்சாவில் அந்தக் கட்டிகளைப் போட்டால், சாதா ஐஸ் மாதிரி உருக உருகப் பானம் நீர்த்துப்போகாது, பழச் சுவை ஏறிக்கொண்டே வரும். பாலில் போடுவதானால் மாம்பழக் கட்டி மட்டும்.