அந்த இரண்டு ஆண்டுகளுக்காகப் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பேசப்பட்டது என்னவென்று இந்நேரம் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். காணொளி நம் ஊர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் அனைத்தையும் சுற்றி வந்துவிட்டது. பேசியவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்த ஆண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகள் பலர், மலாய் மொழியில் பின்தங்கியவர்கள் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள், சிலருக்கு இன்னமும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது என்று அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்கு அவர் சொன்ன காரணத்தைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. கோவிட் காலத்தில் ஆசிரியர்கள் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்களாம். மந்தமான பிள்ளைகள் எப்படியிருந்தாலும் மந்தம்தானாம். மண்டபம் கைதட்டியது. கைதட்டியவர்களில் என்னிடம் எழுத்துப் படித்தவர்களும் இருந்தார்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் குறைநீக்கல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைத் தனியே அழைத்து எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே என் வேலையாக இருந்தது. அந்த உரிமையில் சொல்கிறேன்: பிள்ளைகள் மந்தமாக இருந்ததாலோ ஆசிரியர்கள் சோம்பியதாலோ அந்த இரண்டு ஆண்டுகள் வீணாகவில்லை. வெவ்வேறு விதமாகக் கற்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பாதையைப் போட்டு, அந்தப் பாதையில் நடக்கத் துணை எதுவும் தராமல், ஆசிரியரையும் பிள்ளையையும் தனியே விட்டதால் வீணாயின.

இன்று படிவம் ஒன்றிலோ புகுமுக வகுப்பிலோ இருக்கும் பிள்ளை 2013இல் பிறந்தது. 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் காலடி வைத்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அது பள்ளிக்குப் போய் மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. ஜூலை 22இல்தான் கீழ்வகுப்புகள் மீண்டும் தொடங்கின. நவம்பர் 9இல் நாடு முழுவதும் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டன. 2021 ஜனவரி 20இல் புதிய பள்ளித் தவணை, வீட்டிலிருந்தே படிக்கும் இல்லிருப்புக் கற்றலாகவே பிறந்தது. மார்ச் 1ஆம் தேதி முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள்; ஜூனில் முழு முடக்கம் வந்தது; அக்டோபரில்தான் படிப்படியாகக் கதவு திறந்தது. இந்தத் தேதிகளை அந்த மேடையில் எவரேனும் ஒருவர் வாசித்துக் காட்டியிருந்தால் அந்தக் கைதட்டல் எழுந்திருக்குமா?

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு கனமான ஆண்டு. ஒருபக்கம் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும். மறுபக்கம் ரோமன் எழுத்தில் மலாய். அதே எழுத்துகளில் வேறு ஒலிப்போடு ஆங்கிலம். ஆறு வயது முடிந்த பிள்ளை மூன்று மொழிகளையும் ஒன்றாகத் தொடங்குகிறது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு கடினம் என்பதை அருகில் அமர்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ நடுவில் உள்ள எழுத்திலிருந்து தொடங்குகிறது. கண் போகும் வழியில் ஒலி போவதில்லை. இதைப் புரிய வைக்கத் தட்டில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைத்து, என் வாயசைவைப் பார்த்துச் சொல்ல வைப்பேன். பல பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஏறியது. கைப்பேசித் திரையில் அந்த விரலை எப்படிப் பிடிப்பது?

குறைநீக்கல் போதனையே கீழ்வகுப்புகளில் பின்தங்கும் பிள்ளையைக் காலம் தாழ்த்தாமல் கைதூக்கி விடுவதற்காக ஏற்பட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளில்தான் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பின்தங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளை ஆசிரியரின் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டபோது கீழ்வகுப்புக் காலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இதை யாரும் பேசுவதில்லை. பரிசளிப்பு விழாவில் பேசமாட்டார்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசமாட்டார்கள். முடிவு மட்டும் எல்லாருக்கும் வேண்டும்.

"கைப்பேசிதான் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே" என்பார்கள். 2020 ஏப்ரலில் கல்வி அமைச்சே தன் ஆய்வை வெளியிட்டது. பதில் சொன்ன பெற்றோரின் பிள்ளைகளில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தது 9 விழுக்காட்டினரிடம்தான். நகரத்தையும் சேர்த்து எடுத்த கணக்கு இது. பின்னர் 2021இல் செர்டிக் திட்டத்தின் வழி 500 பள்ளிகளுக்கென 1,50,000 மடிக்கணினிகள் ஒதுக்கப்பட்டன. நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன.

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்தில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி. அதுவும் லாரி ஓட்டும் அப்பாவின் சட்டைப்பையில். "டீச்சர், அவங்க அப்பா வேலை முடிஞ்சு வந்தாதான் போனு, அதுவரைக்கும் நான் என்னா செய்ய?" என்று அவன் அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அப்பா வந்ததும் படிவம் மூன்றில் இருந்த அக்காள் முதலில் எடுப்பாள், பிறகு அண்ணன், இவன் முறை வரும்போது உறங்கியிருப்பான். ஆகவே ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். அவன் அம்மா அவன் முகத்தைக் கழுவி எழுப்பி உட்கார வைப்பார். வீட்டுக்குள் அலைவரிசை கிடைக்காததால் வாசல் படியில் கொசுக்கடியோடு இருவரும் உட்காருவார்கள். இதற்குப் பெயர் அக்கறையின்மையா? அந்தத் தாயைத்தான் ஞாயிற்றுக்கிழமை "பொறுப்பில்லாத பெற்றோர்" என்று ஒரே வரியில் ஒதுக்கினார்கள்.

சபாவில் தேர்வு எழுத இணையத் தொடர்பு தேடி மரத்தின் மேல் இரவைக் கழித்த மாணவியின் கதை 2020 ஜூனில் வந்தபோது நம் ஊரில் அதைப் பகிராதவர்கள் இல்லை. அவளுடைய உறுதியைப் போற்றியது சரி. ஆனால் ஒரு பிள்ளை படிப்பதற்கு மரம் ஏற வேண்டியிருந்ததே என்ற கோபம் நமக்கு ஏன் வரவில்லை? நம் லயத்து வாசல் படியில் உட்கார்ந்திருந்த பையனை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை?

இனி ஆசிரியர்களைப் பற்றி. "நீங்களும் ஆசிரியைதானே, உங்கள் ஆட்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், வாங்குகிறேன். நான் கண்ணால் பார்த்தவர்களுக்காகப் பேசாமல் வேறு யாருக்காகப் பேசுவது? பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்த என் தோழி, மகளிடம் கூகுள் மீட் கற்றுக்கொண்டு, காலையில் தன் வகுப்பையும் மாலையில் பயிற்சித் தாள்களையும் பார்த்தார். இன்னொருவர் தாள்களைச் சொந்தக் காசில் அச்சடித்துத் தோட்டத்து மளிகைக் கடையில் பிள்ளைகளின் பெயர் எழுதிய பைகளில் தொங்கவிட்டார்; ஒவ்வொரு வாரமும் போய் எடுத்துத் திருத்தி மறுபடி தொங்கவிட்டார். வீட்டில் அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். வயதான பெற்றோருக்கு நோய் தொற்றிவிடுமோ என்ற பயம் இருந்தது. இவ்வளவுக்கும் மேல், வகுப்பு நடந்தது என்பதற்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பு, வருகையைப் பதிவு செய், அறிக்கை கொடு என்ற நெருக்கடி. தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது போல யார் இணைந்தார்கள் என்ற எண்ணிக்கைதான் மேலே போனது. யாருக்குப் புரிந்தது என்று கேட்க ஆளில்லை.

சில ஆசிரியர்கள் தாளை அனுப்பிவிட்டுக் கைகழுவியிருக்கலாம். எந்த வேலையில் அப்படிப்பட்டவர்கள் இல்லை? அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

"அமைச்சுதான் இணையம் இல்லாதவர்களுக்கும் வழி சொன்னதே" என்ற வாதமும் வரும். உண்மைதான். இல்லிருப்புக் கற்றல் வழிகாட்டியில் இணையவழி, இணையமில்லா வழி, பள்ளிக்கு வெளியே சிப்பம் கொடுத்துக் கற்பிக்கும் வழி என எல்லாமே இருந்தன. ஆனால் அந்தச் சிப்பத்தை அச்சடிப்பது யார், தோட்டம் தோட்டமாகக் கொண்டு போவது யார், வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டுவது யார்? காது மந்தமான பிள்ளை உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். பள்ளி திறந்தபோது எல்லா உதடுகளும் முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்தன. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கு வேண்டும். ஒரு மாதம் பள்ளி, மறுமாதம் வீடு என்று அலைக்கழித்தோம். இந்தப் பிள்ளைகளுக்குத் தொலைவிலிருந்து எப்படிக் கற்பிப்பது என்று என் பள்ளியில் எவருக்கும் யாரும் பயிற்சி தரவில்லை. பயிற்சி தராமல் பொறுப்பை மட்டும் தந்துவிட்டு, இன்று கணக்குக் கேட்கிறார்கள்.

"நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து ஆளாகவில்லையா" என்று பெரியவர் ஒருவர் எனக்கே செய்தி அனுப்பியிருக்கிறார். ஐயா, வணக்கத்தோடு சொல்கிறேன். நீங்கள் விளக்கில் படித்தீர்கள். ஆனால் காலையில் உங்கள் முன்னால் ஓர் ஆசிரியர் நின்றார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம்மைக் கூலிகளாக மட்டுமே பார்த்த ஆட்சிகூடப் பள்ளிக்கூடம் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதை ஏட்டிலாவது ஒப்புக்கொண்டது. தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து நாம் பிள்ளையைப் பார்த்து, இணையம் இருக்கும் இடத்துக்கு நீ போ என்றோம்.

பாதிக்கப்பட்டது நம் பிள்ளைகள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பதினைந்து வயது மாணவர்களுக்கான அனைத்துலகத் தேர்வான பிசாவின் 2022 மதிப்பீட்டில் மலேசிய மாணவர்களின் வாசிப்புப் புள்ளி 415இலிருந்து 388க்குச் சரிந்தது. ஐந்தாம் ஆண்டு முடிவில் 42 விழுக்காட்டுப் பிள்ளைகள் வாசிப்பில் எட்ட வேண்டிய நிலையை எட்டவில்லை என்று உலக வங்கி 2024இல் எழுதியது. நாடு முழுவதும் இவ்வளவு பிள்ளைகள் தடுமாறும்போது, நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களையும் நம் தோட்டத்துப் பிள்ளைகளையும் மட்டும் நம்முடைய மண்டபத்தில், நம்முடைய ஒலிபெருக்கியில், நாமே கூண்டில் ஏற்ற வேண்டுமா?

'மந்தம்' என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள், சிறப்புக் கல்வி வகுப்பில் இடம் கிடைக்கும் என்று நான் சொன்னபோதெல்லாம் பெற்றோர்கள் அழுதிருக்கிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் நாளைக்குப் பெண் கிடைக்குமா என்று ஏழு வயதுப் பையனுக்காகக் கவலைப்பட்ட பாட்டியைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் குறை சொன்னதில்லை. திருமண வீட்டிலும் கோயில் வாசலிலும் "அது கொஞ்சம் மந்தம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் நம் வாய்க்குப் பயந்துதான் அவர்கள் பிள்ளையை மறைக்கிறார்கள். மறைத்ததால் பிள்ளைக்கு உதவி கிடைக்கவில்லை. பெருந்தொற்று வந்தபோது, பெயர் பதியாத அந்தப் பிள்ளைகள்தான் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனார்கள். இப்போது அதே சொல்லை மேடையில் ஏற்றிவிட்டீர்கள். இனி எந்தத் தாய் துணிந்து பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவாள்?

இது உதவத் தெரியாத ஊர் இல்லை. 1960இல் ம.இ.கா. கட்சித் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் தோட்டங்கள் கைமாறிப் போகாமல் காப்பதற்கு ரப்பர் பால்மரம் சீவியவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பணம் போட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வகுப்பு நடத்த நம்மால் முடியாதா?

கேட்பதைத் தெளிவாகவே கேட்கிறேன். புகுமுக வகுப்பிலும் படிவம் ஒன்றிலும் உள்ள இந்த 2013ஆம் ஆண்டுப் பிள்ளைகளை, வயதைப் பார்க்காமல், எழுத்திலிருந்தே சோதித்துப் பார்க்கும்படி பள்ளிகளிடம் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். குறைபாடு தெரிந்த பிள்ளைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போகப் போக்குவரத்து உதவி வேண்டும். தோட்டத்திலிருந்து ஈப்போ மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்குக் குறைநீக்கல் முறையில் பயிற்சி வேண்டும். அதை இலவசமாகத் தர என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இங்கேயே சிலர் இருக்கிறோம். அந்த மண்டபத்தைச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வாடகையின்றித் தரும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். மணலும் தட்டும் நான் கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசிய ஐயாவுக்கும் அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.