காசு வேற, கேஷ் வேற

ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நடந்தத நான் தனியா விளக்க வேண்டியதில்ல, வீடியோதான் எல்லார் போன்லயும் சுத்துதே. மேடையில பேசின ஐயா 'நம்ம தமிழ்க் காசுதான் இங்கிலீஷ்ல கேஷ் ஆச்சு'ன்னார், நான் எழுந்து 'இல்லீங்கய்யா'ன்னேன், அவ்ளோதான். ரெண்டே நிமிஷத்துல தமிழ்த் துரோகி ஆயிட்டேன். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சவன் துரோகியாம். நல்லா இருங்க.

மறுபடி சொல்றேன், பர்ஸ்ல இருக்கற கேஷ் காசுலேர்ந்து வரல. லத்தீன்ல காப்ஸான்னா பெட்டி, அது இத்தாலியன்ல காஸ்ஸா, அப்படியே பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. மொதல்ல பணப்பெட்டிக்குத்தான் கேஷ்னு பேரு, அப்புறம்தான் உள்ள இருக்கற பணத்துக்கு வந்துச்சு. எங்கப்பா பெரம்பூர்ல மளிகைக்கடை வச்சிருந்தார், ஸ்கூல் விட்டு வந்ததும் என்னத்தான் கல்லாவுல உக்கார வைப்பார். ராத்திரி அம்மாகிட்ட 'இன்னைக்குக் கல்லா கம்மி'ம்பார். பெட்டி சின்னதாப் போச்சுன்னா அர்த்தம்? அதே கதைதான் அங்கயும்.

'அப்ப தமிழுக்குப் பெருமையே இல்லையா'ன்னு குதிக்காதீங்க. இருக்கு, அதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன், அதுக்குள்ள மைக்கப் புடுங்கிட்டாங்க. இங்கிலீஷ்ல இன்னொரு கேஷ் இருக்கு, நாணயத்தோட பேரு, அது சாட்சாத் நம்ம காசு. போர்த்துக்கீசியர் வாயில காய்ஷாவாகி (அவங்க ஊர்ல பெட்டிக்கும் காய்ஷாதான், குழம்பாம என்ன பண்ணும்) கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன்கிட்ட வந்துச்சு. அப்ப மெட்ராஸ்ல 80 காசு ஒரு பணம் (அப்ப அதுவும் ஒரு நாணயத்தோட பேரு), 42 பணம் ஒரு வராகன், அதாவது தங்கக் காசு. எங்க தாத்தா பெட்டியில 1808-ம் வருஷத்து 20 காசு செப்பு நாணயம் ஒண்ணு இருந்துச்சு. ஒரு பக்கம் ரெண்டு சிங்கம், நடுவுல கம்பெனி கேடயம், மறு பக்கம் பாரசீகத்துல 'பீஸ்த் காஸ்', அதாவது இருபது காசு, அடியில இங்கிலீஷ்ல கேஷ். அடிச்சது பர்மிங்ஹாம்ல! இங்கிலீஷ்ல இருக்கற கேட்டமரான், செரூட் எல்லாம் நம்ம கட்டுமரம், சுருட்டுதான். இஞ்சிவேர் பாலி மொழியில சிங்கிவேரமாகி, கிரேக்கம் லத்தீன்லாம் சுத்திப் போய் ஜிஞ்சராச்சு. இவ்ளோ சொந்த நகை இருக்கறப்ப இரவல் நகை எதுக்குய்யா?

'வெள்ளைக்காரன் அகராதிய நம்புறியா'ன்னு ஒருத்தர். கட்டுமரத்துக்கு அதே அகராதியக் காட்டித்தானே கை தட்டினீங்க, கேஷுக்கு மட்டும் கசக்குதா? 'உனக்கு மொழியியல் டிகிரி இருக்கா'? இல்ல. ஐயாவுக்கும் இல்ல. 'பெரியவர சபையில மறுக்கலாமா'ங்கறீங்களே, சரி, கீழ எறங்கினதும் சொல்லிருக்கலாம், குரலும் கொஞ்சம் ஒசந்துடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக 'யாருடா இவன், உக்கார வைங்கடா'ன்னு பின்னாலேர்ந்து சட்டையப் புடிச்சு இழுப்பாங்களா? 52 வயசு எனக்கு. மேல் பட்டன் தெறிச்சு எங்கயோ போச்சு, வீட்டுக்கு வந்ததும் என் பொண்ணு மொதல்ல கேட்டது அதத்தான், என்னன்னு சொல்றது?

கத்தினவங்க மேல கூட எனக்குக் கோவம் இல்ல. முன் வரிசையில உக்காந்துகிட்டு செருப்பையே பாத்துட்டிருந்தீங்களே அண்ணே, உங்களுக்கு இந்த விஷயம் தெரியும்ல? பேர் போடல, உங்களுக்கே தெரியும். போன மாசம் டீக்கடையில அந்த 20 காசக் கையில வாங்கி, கண்ணாடியக் கழட்டிட்டுக் கண்ணுகிட்ட வச்சுப் பாத்துட்டு, 'காஸ்னே போட்டிருக்கான்டா'ன்னு குதிச்சது நீங்கதானே. நாலு நாள்ல தரேன்னு எடுத்துட்டுப் போனீங்க. பரவால்ல, பேச வேணாம். அத மட்டும் குடுத்தனுப்பிடுங்க.