காசு வாங்கின நாள்தான் கணக்கு

வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிப் பரந்தன் சனத்திடம் காசு பறித்த ஏஜென்சிக்காரர் ஒருவர் திரும்பவும் குற்றவாளியாகக் காணப்பட்டிருக்கிறார். பழைய வழக்கில் ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு வெளியே வந்தவர் அவர். அந்தச் செய்திக்குக் கீழே நம் ஆட்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். "பழைய வழக்கின் ஐந்து வருடம் முடிந்துவிட்டது, இனி அது அவரைத் தொடாது" என்று எத்தனை பேர்! படித்தவர்களும்தான். மனம் கொதிக்கிறது.

இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 303ஆம் பிரிவை ஒருமுறை பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனையை நீதிமன்றம் ஒத்திவைக்கலாம். ஒத்திவைக்கும் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையக்கூடாது. அந்தக் காலத்துக்குள், சிறைத்தண்டனை போடக்கூடிய இன்னொரு குற்றத்தைச் செய்தால் பழைய தண்டனை எழும்பும். செய்தால்! தீர்ப்பு எப்போது வந்தது என்பது அல்ல கேள்வி. ஏமாற்றிக் காசு பறிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை போகக்கூடிய குற்றம். இவர் பரந்தன் சனத்திடம் காசு வாங்கியது அந்த ஐந்து வருடத்துக்குள். வழக்குத் தவணை தவணையாக இழுபட்டதற்கு அந்தச் சனமா பொறுப்பு? வாங்கின நாள்தான் கணக்கு.

"பிள்ளைகுட்டிக்காரன், பாவம்" என்கிறீர்கள். அந்த இரக்கத்தைத்தான் நீதிமன்றம் முதல் தடவையே காட்டிவிட்டதே. திரும்பச் செய்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டுதான் அவர் வெளியே வந்தார்.

"உள்ளே போட்டால் காசு வருமா?" வராமல் போகலாம். ஆனால் இந்தக் கேள்வியை என் சித்தியிடம் கேட்காதீர்கள். முள்ளிவாய்க்காலில் இருந்து உடுத்த உடுப்போடு வந்து, மெனிக் பாம் அகதி முகாமில் பட்டினி கிடந்தபோதும் விற்காத தாலிக்கொடியை, மகனை அனுப்புவதற்காக வேறொரு ஏஜென்சிக்காரனுக்கு விற்றுக் கொடுத்தவள் அவள். முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் "விரும்பித்தானே குடுத்தனீங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல்லை அவள் இன்னும் மறக்கவில்லை. ஏமாந்தவள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்கிறாள், ஏமாற்றினவன் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறான். நாமும் அவனுக்கு இடம் விட்டு ஒதுங்குகிறோம். வன்னியில் இது புதிதில்லை, அதுதான் எனக்கு வலிக்கிறது.

பழைய தீர்ப்பு நீதவானின் மேசைக்குத் தானாக வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள். பரந்தன் ஆட்களே, பழைய வழக்கின் இலக்கத்தோடும் காசு கொடுத்த திகதி உள்ள பற்றுச்சீட்டோடும் பொலிஸிடமும் உங்கள் சட்டத்தரணியிடமும் போங்கள். அடுத்த தவணைக்கு முன்பே போங்கள்.