"போர்டு போயிடுச்சு" என்றால் எந்த உதிரி போனது என்று கேளுங்கள்

வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் இப்போது நமக்குக் கிடைக்கிற பதில் ஒன்றுதான். "போர்டு போயிடுச்சு, மாத்தணும்." வாஷிங் மெஷின், ஏசி, டிவி, இன்டக்‌ஷன் அடுப்பு, எல்லாவற்றுக்கும் இதே பதில். போர்டு என்ன விலை என்று கேட்டால் பொருளின் விலையில் மூன்றில் ஒரு பங்கு சொல்வார்கள், சில நேரம் பாதி. கூடவே, "இவ்வளவு செலவு பண்றதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல புதுசே எடுத்துடுங்க சார்" என்பதும் வந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார், துருப்பிடிக்காத டிரம், உடையாத மூடி எல்லாம் மொத்தமாகக் காயலான் கடைக்குப் போகும். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

போர்டு, அதாவது பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை, ஒரே பொருள் கிடையாது. அதில் ஏராளமான சின்னச் சின்ன உதிரிகள் இருக்கின்றன. பல போர்டுகளில் போயிருப்பது மின்சாரம் உள்ளே நுழைகிற பகுதியில் இருக்கும் ஒன்றிரண்டுதான். ஃபியூஸ், அதன் பக்கத்தில் தட்டையாக வட்டமாக இருக்கும் வேரிஸ்டர் (மெக்கானிக்குகள் எம்ஓவி என்பார்கள்), தலை உப்பிப்போன கன்டென்சர், மின்சாரத்தைத் தானாக ஆன், ஆஃப் செய்கிற ரிலே உள்ளே கரிந்துபோயிருப்பது. இவற்றில் எதுவுமே பெரிய விலை இல்லை, சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பவை.

நம் ஊரில் இவை ஏன் போகின்றன என்பதற்கும் காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துபோவதைப் பார்க்காதவர்கள் குறைவு. அப்படி ஆனால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறிவிடும், ஒரே நேரத்தில் தெருவில் பல வீடுகளில் டிவியும் ஃபிரிட்ஜும் போகும். அந்த வேரிஸ்டர் இருப்பதே இதற்காகத்தான். வோல்டேஜ் எகிறும்போது அது தன்னைப் பலி கொடுத்து ஃபியூஸை எரியவைத்து, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றப் பார்க்கும். அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்றால் அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதும், போர்டு திரும்ப ஓடும். எல்லா நேரமும் இவ்வளவு சுலபமாக முடியாது, போர்டின் மூளையான ஐசி சிப் வரைக்கும் எரிந்துபோனவையும் உண்டு. ஆனால் எது போனது என்று திறந்துகூடப் பார்க்காமல் முழு போர்டுக்கும் விலை சொல்வது சரியா?

அப்புறம் பல்லி. இதைச் சிரிக்காமல் படிக்க வேண்டும், ஏனென்றால் ஏசியின் வெளி யூனிட் போர்டில் பல்லி புகுந்து ஷார்ட் ஆவது உண்மையிலேயே நடப்பது. எறும்பும் கரப்பானும் அப்படித்தான். இவை புகுகிற இடைவெளியில் ஒரு சின்ன வலை வைத்துக் கொடுப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கதையும் இதுதான். ஒரு நாள் சுவிட்ச் போட்டால் விளக்கே எரியவில்லை. கம்பெனி ஆள் வந்தார், போர்டு என்றார், வந்து பார்த்ததற்கான தொகையை வாங்கிக்கொண்டார், புது மெஷினுக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவிக்கு மனது கேட்கவில்லை, போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் போர்டு ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணனிடம் போகச் சொன்னாள். அவர் மீட்டரை வைத்துப் பார்த்து, பவர் சப்ளை பகுதியில் ஒரு கன்டென்சரும் அதன் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டரும் போயிருப்பதைக் காட்டினார். கம்பெனி சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கு கூட அவர் கேட்கவில்லை. மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது.

அவர் அதிக நேரம் செலவழித்தது எதற்குத் தெரியுமா? போர்டின் மேல் ஊற்றியிருந்த ஜெல் மாதிரியான பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுப்பதற்கு. ஈரம் படாமல் இருக்க அந்தப் பூச்சு தேவைதான், அதை நான் மறுக்கவில்லை, தண்ணீர் புழங்குகிற இடம். ஆனால் அடிக்கடி போகிற பவர் சப்ளை பகுதியைத் தனியாகக் கழற்றுகிற மாதிரி செய்யலாம். சர்க்யூட் வரைபடத்தையாவது கொடுக்கலாம். அந்தக் காலத்துக் குண்டு டிவிக்கு சர்க்யூட் வரைபடம் கையில் கிடைக்கும், புத்தகமாகவே விற்பார்கள், தெருமுனை மெக்கானிக் அதை விரித்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். இன்றைக்கு அதே மாதிரி ஒருவர் எந்தத் தாளும் இல்லாமல் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவர் தோற்றால் "லோக்கல் மெக்கானிக்கிடம் கொடுத்தால் இப்படித்தான்" என்ற பேச்சு வேறு.

மின்விசிறியைப் பாருங்கள். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கன்டென்சர், சத்தம் போட்டால் பேரிங், எரிந்துபோனால் ரீவைண்டிங். இது எந்தச் சின்ன ஊர் எலக்ட்ரிக் கடைக்கும் தெரியும், இரண்டரை மைக்ரோ ஃபாரட் கன்டென்சர் ஒன்றை வாங்கி மாட்டினால் ஃபேன் மறுபடி வேகம் பிடிக்கும். தாத்தா காலத்து ஃபேன் பேரன் கல்யாணம் வரை ஓடுவது இதனால்தான். இப்போது வருகிற பிஎல்டிசி ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கிற புது ரக மோட்டார் வைத்தது) 75 வாட் வேலையை 30 வாட்டுக்குள்ளேயோ அதை ஒட்டியோ செய்கிறது, நல்ல விஷயம், நானே வாங்கச் சொல்வேன். ஆனால் அதற்குள் ஒரு போர்டு இருக்கிறது. வாரன்டி முடிந்த பிறகு அது போனால் கடையில் கேட்டால் கிடைக்காது, கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும், மாடல் மாறிவிட்டால் அதுவும் சந்தேகம். மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஃபேனையே தூக்கிப் போட்டு இழந்தால் என்ன லாபம்?

மாற்று வழி இல்லை என்று யாராவது சொன்னால் கோயம்புத்தூர் கிரைண்டரைக் காட்டுவேன். பெல்ட் தேய்ந்தால் பெல்ட், கல் தேய்ந்தால் கொத்திக் கொடுப்பார்கள், மோட்டார் போனால் மோட்டார் தனி. எந்தப் பாத்திரக் கடைக்குப் போனாலும் ஸ்பேர் இருக்கும். மிக்சியும் இதே மாதிரிதான். கார்பன் பிரஷ், கப்ளர், ஜாரின் புஷ், பிளேடு எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். மிக்சி திடீரென்று நின்றுவிட்டால் பலருக்கு அடியில் இருக்கும் சிவப்பு பட்டனே தெரியாது, பாரம் அதிகமானால் அது தானாக வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிடும், கொஞ்சம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். 2011 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேன் எங்கள் பக்கம் சில வீடுகளில் இன்னும் ஓடுகின்றன என்றால், பொருள் உசத்தி என்பதால் இல்லை, கழற்றி மாட்ட முடிகிறது என்பதால்தான்.

டிவிக்கு ஒரு விஷயம். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் உடனே "டிஸ்பிளே போச்சு, புது டிவி வாங்குங்க" என்பார்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் திரை நன்றாகத்தான் இருக்கிறது, பின்னால் வெளிச்சம் கொடுக்கிற எல்இடி பட்டையோ அதற்கு மின்சாரம் கொடுக்கிற பகுதியோதான் போயிருக்கிறது. அதை மாற்றலாம். திரையே உடைந்திருந்தால் மட்டும் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான், அதன் விலைக்குப் புது டிவியே வந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் நீங்களே திறக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மைக்ரோவேவ் ஓவனின் உள்ளே இருக்கும் கன்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரை எடுக்கிற அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தக் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. புது ஃபிரிட்ஜுகள் பலவற்றில் இருக்கும் ஆர் 600ஏ வாயு தீப்பிடிக்கக் கூடியது, விவரம் தெரியாதவர் அதில் நெருப்பு வைத்துக் குழாய் ஒட்டக் கூடாது.

இப்போது வாரன்டிக்கு வருகிறேன். கடையில் பெரிய எழுத்தில் "மோட்டாருக்கு 10 ஆண்டு", "கம்ப்ரஸருக்கு 10 ஆண்டு" என்று ஒட்டியிருப்பார்கள். மோட்டாரும் கம்ப்ரஸரும் லேசில் போகாதவை. போகிற போர்டுக்குப் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம்தான். சில ஏசிகளுக்கு ஐந்து ஆண்டு தருகிறார்கள், அப்படித் தர முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த முறை வாங்கப் போகும்போது மோட்டார் வாரன்டியை விட்டுவிடுங்கள். போர்டுக்கு எத்தனை ஆண்டு, அது தனியாக என்ன விலை, ஐந்து வருடம் கழித்துக் கிடைக்குமா என்று கேளுங்கள், பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பவர் முழிப்பார். முழிக்கட்டும், நிறைய பேர் கேட்டால்தான் மேலே போய்ச் சேரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரிகளை அந்த மாடலின் கடைசி மெஷினைச் சந்தைக்கு விட்ட பிறகும் 10 ஆண்டுகள் தர வேண்டும், ஃபிரிட்ஜுக்கு 7 ஆண்டுகள் என்று விதி இருக்கிறது. பிரான்சில் அதே ஆண்டு ஜனவரியிலிருந்து டிவி, லேப்டாப், முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷின் போன்றவற்றில் "இதை எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம்" என்று வாங்கும்போதே கண்ணில் படுகிற மாதிரி பத்துக்கு மதிப்பெண் ஒட்ட ஆரம்பித்தார்கள். ஒரே மாதிரி பொருளை அங்கே விற்கிற கம்பெனிகள்தான் இங்கேயும் விற்கின்றன.

நம் நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு போட்டது, அந்த டிசம்பரில் இதற்கென்று இணையதளமும் திறந்தது. ரிப்பேர் மதிப்பெண் பற்றிய குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்துவிட்டது, முதலில் செல்போனும் டேப்லெட்டும் என்று பேச்சு. செல்போனுக்கு வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கடன் வாங்கியும் தவணை கட்டியும் ஒரு குடும்பம் வாங்குகிற பொருள் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் ஏசியும். அது நின்றுபோனால் மறுநாளே துணியைக் கையில் துவைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான்.

அதனால் ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் மின்சாரத்துக்கு நட்சத்திரம் ஒட்டுகிற மாதிரி, போர்டின் விலையையும் அது எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதையும் பொருளின் மேலேயே அச்சடிக்க வேண்டும். சர்க்யூட் வரைபடத்தைக் கேட்கிற மெக்கானிக்குக் கொடுக்க வேண்டும். ஸ்பேரை சர்வீஸ் சென்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் கடையில் விற்க வேண்டும். இந்த மூன்றையும் எழுதி நுகர்வோர் விவகாரத் துறைக்கு அனுப்பப் போகிறேன். வாரன்டி இருக்கும்போதே ஸ்பேர் இல்லை என்று கைவிரிக்கப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள், பில்லும் மாடல் எண்ணும் கையில் இருக்கட்டும்.